ஆறு அர்தபர்சன்கள்

மலைக்கு அந்தப்புறம் அஸ்பான் என்று ஓர் ஊர் இருந்தது, பாரசீக மன்னருக்குக் கட்டுப்பட்ட ஊர், காற்றும் பாதாம் மரங்களும் அதிகம், தண்ணீர் குறைவு. அங்கே ஒரு வசந்தகாலத்துக் காலையில், புதிதாகப் பதவிக்கு வந்த சத்ரபரின் பெயரைக் கட்டியங்காரன் வழக்கப்படி கிழக்கு வாசலில் நின்று மூன்று தடவை கூவியபோது, ஒருவர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஆறு பேர் பதில் சொன்னார்கள். முதல் குரல் குதிரைமேல் உட்கார்ந்திருந்த இளைஞனுடையது. மற்ற ஐந்து குரல்களும் ஊருக்கு வெளியே முட்புதர்ப் பக்கமிருந்து வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, நெடுந்தூரம் நடந்தவர்கள் வீட்டு விளக்கைக் கண்டதும் விடுகிற மூச்சைப் போல. அப்புறம் ஆட்கள் வந்தார்கள், புழுதி படிந்த தாடியும் கிழிந்த காலணியுமாக ஐந்து பேர், ஐந்து பேரும் இறந்துபோன சத்ரபர்கள், ஐந்து பேருக்கும் அர்தபர்சன் என்றே பெயர்.

மாளிகைக் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நூஷா வாசலில் வெந்நீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, இடுப்பில் சாவிக்கொத்து. அவளுக்கு முதலில் தோன்றியது, ஐந்து படுக்கைக்குக் கம்பளி எங்கே போவது என்பதுதான்.

சத்ரபர் என்றால் மன்னரின் பெயரால் ஒரு மாகாணத்தை ஆள்கிறவர். அஸ்பானில் அந்த இருக்கையில் உட்கார்ந்த முதல் ஆள், அந்தக் காலத்து மன்னர் அர்தபர்சனோடு ஒரே தாதியிடம் பால் குடித்தவர், ஆகையால் மன்னர் தன் பெயரையே அவருக்கும் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அம்மா வைத்த பெயரை விட்டுவிட்டு அர்தபர்சன் ஆனார்கள். தலைநகரிலும் அப்பனுக்குப் பின் பிள்ளையும், பிள்ளைக்குப் பின் பேரனும் அர்தபர்சன் என்ற பெயரோடே அரியணை ஏறினார்கள். ஆகவே அங்கிருந்து வருகிற கடிதமெல்லாம் அர்தபர்சனிடமிருந்து அர்தபர்சனுக்கு என்று தொடங்கும், இங்கிருந்து போவதும் அப்படியே தொடங்கும், நடுவில் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் குதிரைக்காரர்கள் மட்டும் வேறு வேறு பெயர்களில் பிறந்து வேறு வேறு பெயர்களில் செத்தார்கள்.

இதற்கு முன்னாலும் பெயரைக் கூவியிருக்கிறார்களே, இந்தத் தடவை மட்டும் ஏன் என்று ஊர் இரண்டு நாள் பேசியது. கட்டியங்காரனுக்கு அன்றைக்கு ஜலதோஷம், ‘புதிய’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு வெறும் பெயரை மட்டும் கூவிவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். மூன்றாம் நாள் பாதாம் தோப்பில் பூச்சி விழுந்துவிட்டது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

வந்தவர்கள் பேய்கள் இல்லை. பசித்தது, இருமினார்கள், பாதமெல்லாம் வெடித்திருந்தது. செத்தபின் அங்கே எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், “நடந்துகிட்டே இருந்தோம்” என்று மட்டும் சொன்னார்கள். எங்கே என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. உட்கார இடம் கிடைத்ததே போதும் என்பதுபோல, கொடுத்த வாற்கோதுமை ரொட்டியைத் தின்றுவிட்டு, பாதி ரொட்டி கையில் இருக்கும்போதே தூங்கிப்போனார்கள்.

ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஆறு பேரை எப்படிக் கூப்பிடுவது? ஊரே ஆளுக்கொரு பெயர் கண்டுபிடித்தது. நூறு வருடத்துக்கு முன்னால் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிய முதல் ஆள் கால்வாய்க்காரர். பூக்காலத்தில் தும்மித் தும்மியே மூச்சு நின்றுபோன இரண்டாமவர் தும்மல்காரர். மூன்றாமவர் வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் பேசாதவர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஊரிலிருந்து இருநூற்றுப் பதின்மூன்று பிள்ளைகளை மன்னரின் போருக்கு அனுப்பிவைத்த நான்காமவர் படைக்காரர். போன குளிர்காலத்தில் குதிரையிலிருந்து விழுந்து செத்த ஐந்தாமவர், மாதுளைத் தோட்டம் போட்டதால் தோட்டக்காரர். குதிரைமேல் வந்த இருபத்தைந்து வயதுக்காரன் சின்னவர்.

தோட்டக்காரரின் விதவை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “நான் உங்களுக்கு அழுது முடிச்சாச்சு. நல்லாத்தான் அழுதேன், ஊரைக் கேட்டுப் பாருங்க. திரும்பவும் முதல்லேருந்து என்னால ஆகாது. வேற அறையில படுத்துக்கங்க.” அவரும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வேனிற்காலம் வருவதற்குள் ஊர் பழகிவிட்டது. வழக்கு நாளில் ஆறு ஆசனம் போட்டார்கள், முத்திரை ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், யார் தீர்ப்புச் சொன்னாலும் அது அர்தபர்சனின் தீர்ப்பு, அதை மாற்ற மன்னரைத் தவிர யாராலும் ஆகாது. ஜனங்கள் தங்களுக்கு ஏற்ற அர்தபர்சன் முன்னால் போய் நின்றார்கள். தண்ணீர்முறைத் தகராறு என்றால் கால்வாய்க்காரர்தான், எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். புருஷனோடு வாழ முடியாது என்று வந்த பெண்கள் பேசாதவர் முன்னால் வரிசையில் நின்றார்கள், அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டார், அதற்காகவே பாதிப் பேர் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போனார்கள். சில நாள் ஒரே ஆட்டுக்கு மூன்று தீர்ப்பு கிடைத்தது, அப்போது ஆட்டை அறுத்துப் பொதுவில் சமைத்துவிடுவது என்று வழக்கம் உண்டாயிற்று. படைக்காரர் முன்னால் மட்டும் யாரும் போய் நிற்கவில்லை. அவர் வெயில் ஏறும்வரை தன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு கேள்வியும் வராமலே எழுந்து அறைக்குப் போவார்.

அந்த அறைக்கு நூஷாதான் சாப்பாடு எடுத்துப் போக வேண்டியிருந்தது. வேலைக்காரப் பெண்கள் போக மாட்டோம் என்றுவிட்டார்கள், அவர்களில் பலருக்கு ஓர் அண்ணனோ மாமனோ அந்த இருநூற்றுப் பதின்மூன்றில் இருந்தான். நூஷாவுக்கு மகன் இருந்தான். திர்தாத். ஒரே பிள்ளை, பதினேழு வயது. கதிரடிக்கும் களத்திலிருந்து, தலையில் ஒட்டிய உமியைத் தட்டக்கூட விடாமல், கூட்டிக்கொண்டு போனார்கள். மேற்கே கடலோரத்தில் சண்டை என்றார்கள். அதற்கப்புறம் ஒரு சொல்லும் வரவில்லை. செத்தான் என்றுகூட யாரும் வந்து சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பாள். பத்தொன்பது வருடமாக அவள் விடிவதற்கு முன்பே எழுந்து, இருட்டும்வரை நடந்து, படுத்தால் ஒரு பக்கக் காதைத் திறந்துவைத்தபடி படுத்துக்கொள்கிறவளாகவே இருந்தாள். பகலில் கண் அசந்தது கிடையாது. அந்த மனிதரின் மாளிகையில்தான் வேலை பார்த்தாள், அவர் காய்ச்சலில் கிடந்தபோது கசாயம் கொடுத்தாள், செத்தபோது போர்வை மாற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. செத்துப்போனபின் கேட்டிருக்கலாமே என்று இருந்தது. இப்போது அவரே திரும்பி வந்து, கூரை ஒழுகும் மூலை அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு மத்தியானம் பருப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

“ஐயா, திர்தாத்னு ஒரு பையன். கதிரடிக்கிற களத்துலேருந்து கூட்டிட்டுப் போனீங்க. இடது கையில ஆறாவது விரல் மாதிரி ஒரு மரு இருக்கும். ஞாபகம் இருக்கா?”

அவர் வெகுநேரம் யோசித்தார். யோசிப்பதுபோல் நடிக்கவில்லை, உண்மையாகவே தேடினார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“இல்ல நூஷா. நான் யார் முகத்தையும் பார்க்கல. பட்டியல் கொண்டு வந்தாங்க. முத்திரை வச்சேன்.”

“பட்டியல்ல பேரு இருந்திருக்குமே.”

“படிக்கல. தூதன் வாசல்ல நின்னான், மத்தியானத்துக்குள்ள முடியணும்னான். படிச்சிருந்தா முத்திரை வச்சிருக்க முடியாது. அது தெரிஞ்சுதான் படிக்கல.”

“உங்க பேரை மட்டும் ஊரே ஞாபகம் வச்சுக்கணும், இல்லையா?” என்றாள் அவள். கோபமாகச் சொல்ல நினைத்தது, களைப்பாகத்தான் வந்தது. கிண்ணத்தை அவர் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில், வேலைகளுக்கு நடுவே, கிழக்கு வாசலுக்குப் போனாள். ஐந்து பேர் ஒரு கூவலுக்கு வந்தார்கள் என்றால் ஒருவன் வரமாட்டானா? முட்புதர்ப் பக்கம் திரும்பி நின்று, தொண்டை கிழிய மூன்று தடவை திர்தாத் என்று கூவினாள். காற்று அடித்தது. பின்னால் ஒரு கழுதை நின்றது, அதன்மேல் வெங்காய மூட்டை, பக்கத்தில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு வியாபாரி.

“என்னையாம்மா கூப்பிட்டீங்க? நான்தான் திர்தாத். வெங்காயம் வேணுமா?”

அவள் அவனைப் பார்த்தாள், முப்பத்தைந்து முப்பத்தாறு வயதிருக்கும், அவளுடைய பிள்ளைக்கு இப்போது இருக்க வேண்டிய வயது. இரண்டு பிடி வெங்காயத்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்த ஊரில் திர்தாத் என்ற பெயரில் பதினோரு பேர் இருந்தார்கள். மன்னர்கள் வைத்துக்கொள்ளாத பெயர், எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

கோதுமை பால்பிடிக்கிற சமயத்தில் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. மன்னர் அர்தபர்சன் சத்ரபர் அர்தபர்சனுக்கு எழுதிக்கொண்டது: மேற்கே மறுபடியும் சண்டை, அறுவடை முடிவதற்குள் முந்நூறு ஆட்கள் வர வேண்டும், பதினாறு வயதுக்குக் கீழும் நாற்பதுக்கு மேலும் வேண்டாம். கூடத்தில் எல்லாருக்கும் முன்பாகத்தான் அது படிக்கப்பட்டது, படித்து முடித்தபோது சமையல்கட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சின்னவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல பையன்தான், கெட்ட பையனாக ஆகிற அளவுக்கு இன்னும் காலம் கிடைக்கவில்லை. மற்ற ஐந்து பேரையும் பார்த்து, “என்ன பண்றது?” என்று கேட்டான்.

கால்வாய்க்காரர், என் காலத்தில் மன்னர் கடிதத்தோடு ஒரு குதிரையும் வரும் என்றார். தும்மல்காரர் தும்மினார். தோட்டக்காரர், பாதிப் பேரை அனுப்பிவிட்டு மீதிக்குப் பழம் அனுப்பலாம் என்றார். பேசாதவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். படைக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாலு நாளில் ஊர் சுருங்கிவிட்டது. பெண்கள் பையன்களைப் பாதாம் பரண்களில் ஒளித்தார்கள், நாற்பதைத் தாண்டாதவர்கள் தாடியில் சாம்பல் பூசிக்கொண்டு நடமாடினார்கள். சின்னவர் பதில் எழுத ஈரக் களிமண் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவான், அது காய்ந்துபோகும், எழுந்துவிடுவான். முத்திரையை வைத்தால் முந்நூறு பேர், வைக்காவிட்டால் அவன் தலை. ஐந்தாம் நாள் அவன் அழுதுகொண்டிருந்ததை நூஷா பார்த்தாள். அவனுடைய அம்மா அவனுக்கு வைத்த பெயர் என்னவோ என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு முத்திரையையும் ஒரு பிடி ஈரக் களிமண்ணையும் தட்டில் எடுத்துக்கொண்டு மூலை அறைக்குப் போனாள். அவன் அவளைத் தடுக்கவில்லை.

“கடிதம் அர்தபர்சனுக்குத்தானே வந்திருக்கு,” என்றாள் படைக்காரரிடம். “நீங்க பதில் போடுங்க. ஆள் இல்லைன்னு போடுங்க.”

அவர் தட்டைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார். “மன்னர் கேட்டு இல்லைன்னு சொன்னவன் உயிரோட இருந்ததில்ல நூஷா.”

“நீங்கதான் ஏற்கெனவே செத்தாச்சே!”

“காய்ச்சல்ல செத்தேன். காய்ச்சலுக்கு யாரும் நடுங்கறதில்ல. மன்னர் வேற.” அவர் குரல் இறங்கிவிட்டது. “செத்தா இதெல்லாம் போயிடும்னு நினைச்சேன். அவ்வளவு தூரம் நடந்தேனே, எல்லாம் உதிர்ந்துபோச்சு. பசி, ஆசை, பொண்டாட்டி முகம், எல்லாம். இந்தப் பயம் மட்டும் கூடவே வந்துச்சு.”

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அது அவளுக்கே பிடிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அந்த மாளிகையில் ஒரு சத்ரபர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு ஐயா. அன்னிக்கும் இருந்துச்சு. நீங்க அந்தப் பட்டியலுக்கு முத்திரை வச்ச நேரத்துல நான் பக்கத்து அறையிலதான் இருந்தேன், உங்க சட்டையை மடிச்சுகிட்டு. வந்து உங்க காலைப் பிடிச்சிருக்கலாம். மடிச்சு முடிச்சுட்டுப் போகலாம்னு இருந்துட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

தட்டை அங்கேயே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது களிமண் அப்படியே இருந்தது. அவள் அதை எடுத்துவிட்டுப் புது ஈரமண் வைத்தாள். மறுநாளும் மாற்றினாள், அதற்கு மறுநாளும் மாற்றினாள். நான்காம் நாள் காலையில் மண்ணில் எழுத்து இருந்தது, கோணல்மாணலாக: அர்தபர்சன் மன்னர் அர்தபர்சனுக்கு. அஸ்பானில் ஆள் இல்லை. கீழே முத்திரை, அழுத்தமாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

நாற்பத்தெட்டு நாள் கழித்து முப்பது குதிரைகளோடு தூதர் வந்தார். பருத்த மனிதர், சேணம் உரசித் தொடையெல்லாம் புண், காலை அகட்டி அகட்டி நடந்தார். கூடத்தில் நின்று, மன்னருக்கு இல்லை என்று எழுதிய அர்தபர்சனைக் கட்டி இழுத்துவர உத்தரவு என்று படித்தார். படித்து முடித்ததும் சின்னவர் முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் வந்தான்.

“நான்தான் அர்தபர்சன்.”

“நானும்தான்,” என்றார் கால்வாய்க்காரர் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே. தும்மல்காரர் தும்மிவிட்டு ஆமென்றார். தோட்டக்காரர் கையைத் தூக்கினார். வாயே திறக்காத பேசாதவர் வாயைத் திறந்து, “அர்தபர்சன்,” என்றார், அவர் குரல் கட்டியங்காரனுடையதைவிட நன்றாக இருந்தது.

தூதர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஆச்சரியப்படுகிற அளவுக்கு அவரிடம் தெம்பு இல்லை. “எனக்கு ஒருத்தர்தான் வேணும்,” என்றார். “ஒருத்தருக்குத்தான் குதிரை கொண்டாந்திருக்கேன்.”

“முத்திரை வச்சது நான்,” என்றார் படைக்காரர். எழுந்து நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். “நானே வர்றேன், கட்ட வேணாம். ஒரு காலைப்பொழுது மட்டும் கொடுங்க. ஒரு பட்டியல் படிக்காம விட்டுட்டேன். அதைப் படிக்கணும்.”

பட்டியல் எழுதின மண்பலகை ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கரைந்துபோயிருந்தது. அது நூஷாவுக்குத் தெரியும், அவள்தான் சேற்றை வழித்துப் போட்டவள். அதைச் சொன்னாள். அவர் தூதரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப அவங்களையே சொல்லச் சொல்லு,” என்றார்.

சொல்லியனுப்பக்கூட வேண்டியிருக்கவில்லை, கூடத்திலிருந்து செய்தி தெருவுக்கு எப்படியோ போய்விட்டது. கிழக்கு வாசலில் தொடங்கி ஆற்றுப்பாலம் வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் வந்து நின்றார்கள், அம்மாக்கள், நின்றால் முதுகு நிமிராத அப்பாக்கள், பொண்டாட்டிகளாக இருந்து வேறு கல்யாணம் செய்துகொண்டவர்கள், நிச்சயம் பண்ணியதோடு நின்றுபோனவர்கள், வீட்டில் யாருமே மிஞ்சாத பிள்ளைகளுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கள். படைக்காரர் நடந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். அவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள், அவர் அதைத் திருப்பிச் சொன்னார், அடுத்தவர் முன்னால் போனார். யாரும் அவரை ஏசவில்லை, ஏசலாம் என்று வந்தவர்களுக்குக்கூட அந்தப் பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. ஒரு கிழவர் தன் பிள்ளையின் பெயரை மறந்துவிட்டு அழுதார், பின்னால் நின்ற யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். தூதர் முசுக்கட்டை மரத்தடியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார், முதலில் அவசரப்படுத்தினார், பிறகு விட்டுவிட்டார். நிழல் மரத்துக்கு அடியில் சுருங்கிப் போகும்வரை அது நடந்தது.

நூஷா போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ரொட்டி அடுப்பை மூடினாள், சாவிகளை எண்ணினாள், மூலை அறையின் படுக்கையைச் சுருட்டினாள், சுருட்டியதைத் திரும்ப விரித்தாள். அப்புறம் ஓடினாள், அந்த முழங்காலோடு. அவள் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களை முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணு குறையுது,” என்றார்.

“திர்தாத்,” என்றாள்.

“திரிதாத்.”

“திரி இல்ல. திர்தாத். சரியாச் சொல்லுங்க.”

“திர்தாத்.”

“அதுதான்.”

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். மன்னிப்பாக இருந்திருக்கலாம். அவள் தலையை ஆட்டினாள், அதைக் கொடுக்க அவளிடம் தெம்பு இல்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவர் குதிரைமேல் ஏறினார், இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. பாலத்தைத் தாண்டும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, மனப்பாடம் செய்கிறவர்களைப் போல.

அறுவடை முடிந்தது. குளிர் வந்தது. முந்நூறு ஆட்களைக் கேட்டு யாரும் வரவில்லை. பரண்களிலிருந்து பையன்கள் இறங்கி வந்தார்கள், சாம்பல் பூசின தாடிகளைக் கழுவிக்கொண்டார்கள். என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்டால் எங்கே திரும்ப ஞாபகம் வந்துவிடுமோ என்று யாரும் கேட்கவும் இல்லை. பனி உருகத் தொடங்கிய பிறகு, தலைநகரிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்த கோவேறு கழுதைக்காரன் ஒருவன் மாளிகைச் சமையல்கட்டில் உட்கார்ந்து சூப்புக் குடித்துக்கொண்டே சொன்னான்.

கைதியை அரண்மனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வாயிற்காவலன் வழக்கப்படி, அர்தபர்சன் வந்திருக்கிறார் என்று மூன்று தடவை உள்ளே பார்த்துக் கூவினான். மூன்றாவது கூவலுக்குப் பாலைவனப் பக்கமிருந்து அந்தப் பெயரில் செத்துப்போன மன்னர்கள் மூன்று பேர் நடந்து வந்தார்கள். இருந்தவரோடு சேர்த்து நாலு மன்னர். கைதியின் தலையை வெட்டச் சொன்னார் ஒருவர், விட்டுவிடச் சொன்னார் ஒருவர், அவனுக்கு முதலில் சாப்பாடு போடுங்கள் என்றார் இன்னொருவர், யார் இவன் என்றார் நாலாமவர். நாலும் மன்னரின் ஆணை. வெட்டக் கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்று, கை வலித்துக் கீழே இறக்கிவிட்டான். அன்றிலிருந்து ஒருவர் போட்ட உத்தரவை இன்னொருவர் மாற்றுகிறார், படை மேற்கே பாதி தூரம் போய்விட்டுத் திரும்புகிறது, மறுபடி போகிறது, இப்போது போவதை விட்டுவிட்டு நடுவழியில் கூடாரம் போட்டுக் கோழி வளர்க்கிறது.

“அந்தக் கைதி?” என்று கேட்டாள் நூஷா. அவள் ரொட்டிமாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“இருக்கார். விடவும் இல்ல, வெட்டவும் இல்ல. வாசல் கொட்டகையில உட்கார்ந்திருக்கார். தினமும் காலையில எழுந்து வாசல்ல நின்னு ஏதோ பேரெல்லாம் சொல்றாரு. மூணு மூணு தடவை. ஒரு நாள் தவறாம. முதல்ல காவக்காரங்க அடிச்சுப் பார்த்தாங்க. இப்ப அவரு இருமி நிறுத்தினா அவங்களே அடுத்த பேரை எடுத்துக் கொடுக்கறாங்க.”

“யாராவது வந்தாங்களா? அந்தப் பேருக்கு?”

கழுதைக்காரன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். சமையல்கட்டில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. “நான் அங்க பத்து நாள் இருந்தேம்மா. யாரும் வரல. ஒருத்தரும் வரல. ஆனா காலையில அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊரே எழுந்திருக்குது.”

“திர்தாத்னு சொன்னாரா?”

“எல்லாப் பேரும் எனக்கு ஞாபகம் இல்லம்மா.” அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான், பொய் சொல்லத் தெரியாத ஆள். “கடைசியில ஒரு பேரு வரும். அதைச் சொல்லும்போது மட்டும் தப்பா ஆரம்பிச்சுட்டு நிறுத்தி, திருத்திச் சொல்லுவாரு. தினமும் அப்படித்தான்.”

நூஷா பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடினாள், கையைக் கழுவினாள், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேடைமேல் வைத்தாள். தன் அறைக்குப் போய், நல்ல வெளிச்சத்தில், கதவைக்கூடச் சாத்தாமல் படுத்தாள். இரண்டு காதும் மூடித் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வேலைக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடிமேல் அடிவைத்துத் திரும்பிப் போனார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. அஸ்பானை ஆள்கிற ஐந்து அர்தபர்சன்களும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள், யாரும் வரவில்லை. கடைசியில் பேசாதவர் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார், மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள், எந்த ஜாடியில் பருப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. அவளை எழுப்பிக் கேட்கலாம் என்றான் சின்னவர்.

“வேணாம்,” என்றார் பேசாதவர். “தேடுவோம்.”